வாசகர் கேள்வி: பார்ப்பவர் கண் திரையில் நிற்கும்படி ஸ்லைடுகளை அமைப்பது எப்படி?

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்தை அடுத்த ஒரு கடற்கரைக் கிராமத்தில், கடற்பாசி வளர்க்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். மூங்கில் மிதவைகளுக்காக நாங்கள் வாங்கும் கடனின் மாதத் தவணையை வாடைக் காலத்தில் நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்பதற்காக 34 ஸ்லைடுகள் தயாரித்து, இராமநாதபுரத்தில் வங்கி அலுவலர்களும் மீன்வளத் துறையினரும் கூடிய கூட்டத்தில் காட்டினேன். எங்கள் கணினியில் ஒழுங்காக இருந்த தமிழ் எழுத்து அங்கே புரியாத குறிகளாக மாறிவிட்டது. பாதியிலேயே பலர் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள். முடிவில் ஒரு அலுவலர், "சரிம்மா, இப்ப எங்ககிட்ட என்னதான் கேக்குறீங்க?" என்றார். மறுபடியும் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதையே எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் உறுப்பினர்களுக்கும் காட்ட வேண்டும். கண்ணைக் கவரும் நிறங்கள், அசைவுகள் எவை? தமிழில் போடுவதா, ஆங்கிலத்தில் போடுவதா? கோப்பை இணைத்துள்ளேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோப்பை முழுவதும் பார்த்தேன். நிறத்தையும் அசைவையும் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்த அலுவலரின் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் முறை. நீங்கள் கேட்க வந்த செய்தி 31ஆவது ஸ்லைடில், ஏழு வரிகளுக்கு நடுவே நான்காவது வரியாக இருக்கிறது. அதற்கு முன்னால் குழுவின் வரலாறு, நோக்கங்கள், பாசியின் வகைகள், பயன்கள், பெற்ற பயிற்சிகள், விருந்தினர் வருகைகள் எல்லாம் வந்துவிடுகின்றன. அந்த அலுவலர் 31ஆவது ஸ்லைடு வரை கவனத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கைபேசியைப் பார்க்கத் தொடங்கியவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். திரையில் இருந்த வரிகளையே நீங்கள் வாய்விட்டுப் படித்திருக்கிறீர்கள் என்பது, ஸ்லைடுகளின் அடியில் உள்ள குறிப்புப் பகுதி முழுதும் காலியாக இருப்பதிலிருந்து தெரிகிறது. மனிதருடைய கண் குரலைவிட வேகமாகப் படிக்கும். நீங்கள் இரண்டாவது வரியைச் சொல்லும்போது அவர்கள் ஏழாவது வரியை முடித்திருப்பார்கள்; அதன்பின் அவர்களுக்கு வேலை இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் மேயர், படமும் பேச்சுமாகக் கற்பிப்பது குறித்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். படத்தோடு பேச்சு மட்டும் சேரும்போது கேட்பவர் மனத்தில் பதிவது, அதே பேச்சை எழுத்தாகவும் திரையில் போடும்போது குறைகிறது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. உங்கள் 34 ஸ்லைடுகளும் உங்களுக்கு நீங்களே எழுதிக்கொண்ட குறிப்புகள். அவற்றைத் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரையை வேறொரு வேலைக்கு விடுங்கள்.

அந்த வேலை என்ன என்பதுதான் இந்தப் பதிலின் மையம். எதிரே இருப்பவர்கள் இதுவரை எதைப் பார்த்ததில்லையோ, அதைத் திரை காட்ட வேண்டும். வங்கி அலுவலர்கள் கடன் கணக்கை நாள்தோறும் பார்ப்பவர்கள். ஐப்பசி வாடையில் பாக் விரிகுடாக் கரை எப்படிக் கொந்தளிக்கும் என்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் உறுப்பினர்கள் அந்தக் கடலைப் பிறந்தது முதல் பார்க்கிறார்கள். வட்டியும் தவணையும் எப்படிக் கூடுகின்றன என்பதை ஒரே பார்வையில் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே ஒரே கோப்பை இரண்டு இடத்திலும் காட்டும் எண்ணத்தைக் கைவிடுங்கள். இரண்டு கோப்புகள் வேண்டும். இரண்டும் சிறியவையாக இருக்கலாம்.

முக்கியமானது அடியில் புதைந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேருடன் கொலம்பியா விண்ணோடம் சிதறியது. ஏவப்பட்டபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையைத் தாக்கியிருந்தது. விண்ணோடம் இன்னும் வானில் இருக்கும்போதே பொறியாளர்கள் அந்தத் தாக்குதலைப் பற்றி ஸ்லைடுகளில் விளக்கம் அளித்தார்கள். விபத்தை ஆராய்ந்த குழு தன் அறிக்கையில் அவற்றுள் ஒன்றை எடுத்துக்காட்டி விமர்சித்தது. அந்த ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனை முடிவுகளை நம்பி ஆறுதல் கொள்ளலாம் என்னும் தொனியில் இருந்தது. சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், உண்மையில் மோதியதாகக் கணிக்கப்பட்ட துண்டு 1920 கன அங்குலம், அதாவது 640 மடங்கு பெரியது என்ற விவரமோ, அடியில், பல படிகள் உள்தள்ளிய சிறிய வரியில் இருந்தது. உயர் அலுவலர் ஒருவர் அதைப் படித்தும் உயிராபத்தை உணராமல் போயிருக்கக்கூடும் என்று குழு எழுதியது. தகவல் எதுவும் அதில் மறைக்கப்படவில்லை. இருந்த இடம்தான் தவறு. உங்கள் 31ஆவது ஸ்லைடில் வரிகளின் அமைப்பும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

எனவே முதல் வேலை, தலைப்புகளை மாற்றுவது. "வாடைக் காலம் – ஓர் அறிமுகம்", "பொருளாதார நிலை", "சவால்கள்" என்பவை கோப்புறையின் மேல் ஒட்டும் பெயர்கள். அவற்றின் இடத்தில் முழு வாக்கியங்களை எழுதுங்கள்: "வாடை மாதங்களில் மிதவை கடலில் நிற்காது." "வருமானம் இல்லாத மாதத்திலும் தவணை அதே தொகை." "ஆண்டுத் தொகையை ஒன்பது மாதங்களில் செலுத்த அனுமதி வேண்டுகிறோம்." இந்த மூன்று தலைப்புகளை மட்டும் ஒருவர் படித்தாலே உங்கள் கோரிக்கை விளங்கிவிடுகிறது அல்லவா? தலைப்பு வாக்கியமானதும், அதற்கு அடியில் என்ன படம் வேண்டும் என்பது தானாகத் தெரியும். எந்த ஸ்லைடுக்கு வேலையே இல்லை என்பதும் தெரியும். என் கணிப்பில் உங்களுக்கு ஆறு ஸ்லைடுகளுக்கு மேல் தேவைப்படாது.

இவற்றுள் உயிரானது தவணையைக் காட்டும் ஸ்லைடு. உங்கள் கோப்பில் அது 14 வரிகளும் ஆறு பத்திகளும் கொண்ட அட்டவணையாக இருக்கிறது. பின்வரிசையில் இருந்தவர்கள் அதில் ஓர் எண்ணைக்கூடப் படித்திருக்க முடியாது. அட்டவணையை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் பன்னிரண்டு கட்டங்கள் வரையுங்கள். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியுங்கள். வங்கிக்கு ஆண்டு அப்படித்தான், அதோடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வாடை மாதங்கள் படத்தின் நடுவே வந்து விழும். மேல் வரிசையில் அறுவடையைக் காட்டுங்கள். நம் ஊர்ப் பேச்சில் பெப்சி பாசி என்றே பெயர் நின்றுவிட்ட கப்பாபைகஸ், நட்டு ஏறத்தாழ 45 நாளில் அறுவடைக்கு வருகிறது. ஆகவே ஒன்பது மாதத்தில் ஆறு அறுவடைக்கு மேல் வழியில்லை. உங்கள் கணக்கேட்டில் உண்மையில் எத்தனை நடந்தனவோ அத்தனையை மட்டும் பட்டைகளாக வரையுங்கள். கீழ் வரிசையில் ஒவ்வொரு மாதத்துக்கும் தவணையைக் குறிக்கும் ஒரே அளவுக் கட்டத்தை வையுங்கள். நடுவில் மூன்று மாதங்களில் மேல் வரிசை வெறுமையாகவும் கீழ் வரிசை நிறைந்தும் இருக்கும். அந்த இடத்துக்கு மட்டும் அழுத்தமான ஒரு நிறம் கொடுங்கள். மற்ற அனைத்தும் சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு ஐந்து எண்ணும் நேரம் சும்மா நில்லுங்கள்.

அடுத்த ஸ்லைடில் அதே படத்தை அதே இடத்தில், அதே அளவில் மறுபடியும் வையுங்கள். கீழ் வரிசை மட்டும் மாறட்டும். மூன்று வாடை மாதங்கள் காலி. மீதி ஒன்பது மாதங்களில் தவணைக் கட்டங்கள் முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உயரமாக இருக்கும். ஆண்டு முழுவதற்குமான தொகை அப்படியேதான் இருக்கிறது, குறையவில்லை என்பதை அலுவலர் கண்ணாலேயே கூட்டிப் பார்த்துவிடுவார். வட்டியில் சிறிது மாறுதல் வரும் என்பதை நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதைவிட அது நல்லது. மற்றதெல்லாம் அசையாமல் இருக்க ஒன்று மட்டும் மாறினால், பார்ப்பவர் கவனம் அந்த மாற்றத்தில்தான் விழும். நீங்கள் கேட்கும் அசைவு விளைவுகளில் எதுவும் இதைச் செய்யாது.

கோப்பில் உள்ள முப்பரிமாண வட்ட வரைபடங்கள் நான்கையும் நீக்கிவிடுங்கள். சாய்த்து வரைந்த வட்டத்தில் முன்பக்கத் துண்டு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். இரண்டு ஆண்டுகளை ஒப்பிட வேண்டியிருந்தால் இரண்டு பட்டைகள் போதும். அவை சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். எண் பட்டையின் மேலேயே இருக்க வேண்டும்.

இனிப் புகைப்படங்கள். முகப்பு ஸ்லைடில் இணையத்திலிருந்து எடுத்த பவளப்பாறைப் படத்தையும் ஒரு ஓங்கிலையும் (டால்பின்) வைத்திருக்கிறீர்கள். அழகுக்காக வைத்தது புரிகிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் அது உங்களுக்கு எதிராகவே பேசும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. குருசடைத் தீவையொட்டிய பவளப்பாறைகளின் மேல் கப்பாபைகஸ் படர்ந்ததை ஆய்வாளர்கள் எடுத்துச் சொல்லி எச்சரித்திருக்கிறார்கள். மீன்வளத் துறையினர் அதை அறிவார்கள். நீங்கள் வளர்ப்பது வடக்கே, பாக் விரிகுடாப் பக்கத்தில். அப்படியிருக்க, கேட்காத கேள்வி ஒன்றை அந்தப் படத்தின் மூலம் நீங்களே எழுப்புவானேன்? அந்த இடத்தில் ஓர் எளிய கோட்டு வரைபடம் வையுங்கள்: மண்டபம் முனை, பாம்பன், இராமேசுவரம் தீவு, வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, உங்கள் மிதவைகள் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி. வெளி மாவட்டத்திலிருந்து மாறுதலாகி வந்த அலுவலருக்கு, வாடையில் வடகடலும் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றில் தென்கடலும் முறைவைத்துக் கொந்தளிப்பதை விளக்க அந்தப் படம் தேவைப்படும். ஓங்கிலைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. அதற்குத் தவணை பாக்கி இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் கரையில் எடுத்த படங்கள் கோப்பின் பிற்பகுதியில் தபால்தலை அளவில் ஒன்பதாக நெருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் மூங்கில் ஒடிந்த மிதவை கரையில் ஒதுங்கிக் கிடக்கும் படம் ஒன்று போதும். அது திரையை முழுவதுமாக நிரப்பட்டும். ஒரு பெண் அதன் அருகில் நின்றால், 12 அடிச் சதுரம் என்பது எவ்வளவு பெரிது என்று எண்ணைச் சொல்லாமலே விளங்கும். இன்னொரு படம் நீங்கள் புதிதாக எடுக்க வேண்டியது: ஈரப் பாசிக் குவியலும், அதே அளவு பாசி காய்ந்தபின் மிஞ்சும் குவியலும் பக்கத்துப் பக்கத்தில். பத்துக் கிலோ ஏறத்தாழ ஒரு கிலோவாகச் சுருங்குவதைக் கண்ணால் பார்த்தவர், கிலோ விலையைக் கேட்டு உங்கள் வருமானத்தைத் தவறாகப் பெருக்கிக்கொள்ள மாட்டார். கைபேசியைக் கிடையாகப் பிடித்து, வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, அடிவானக் கோடு சாயாமல் எடுங்கள். படத்தில் இருப்பவர்களிடம் எங்கே காட்டப் போகிறீர்கள் என்பதைச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது அளவைக் குறைத்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் தெளிவு கெடாது. ஸ்லைடில் படத்தைப் பெரிதாக்கும்போது மூலையைப் பிடித்து இழுங்கள். பக்கத்தைப் பிடித்து இழுத்ததால் ஒன்பது படங்களில் மூன்றில் ஆட்கள் குள்ளமாகிவிட்டார்கள்.

நிறத்தைப் பற்றிக் கேட்டீர்கள். புரொஜெக்டர் ஒளியைச் சேர்க்க மட்டுமே வல்லது. கறுப்பை அதனால் உண்டாக்க முடியாது. திரையில் கறுப்பாகத் தெரிவது ஒளி விழாத சுவரின் இயல்பான நிறம்தான். அதனால் சன்னல் திறந்த அறையில் கருநீலப் பின்னணியெல்லாம் வெளிறிப்போகும், அதன்மேல் இருக்கும் எழுத்தும் கூடவே மங்கும். இரண்டு இடங்களுக்கும் வெள்ளைப் பின்னணி, கறுப்புக்கு நெருங்கிய எழுத்து, கவனிக்க வேண்டியதற்கு மட்டும் ஓர் அழுத்தமான நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்திய வெளிர்நீலத்தின் மேல் மஞ்சள் எழுத்து, மடிக்கணினியிலேயே கண்ணைச் சுருக்க வைக்கிறது. இணையத்தளங்களுக்கான அணுகல்தன்மை நெறிகள் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கின்றன. இரண்டு நிறங்களைக் கொடுத்தால் அதைக் கணக்கிட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. நல்லது பச்சை, கெட்டது சிவப்பு என்று மட்டும் பிரித்துக் காட்டாதீர்கள். அந்த இரண்டையும் வேறுபடுத்த இயலாத பார்வை ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. உங்கள் எதிரே இருப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்களே.

எழுத்து குறிகளாக மாறியதற்குக் காரணம், கோப்பின் பாதி பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருப்பது. அந்த எழுத்துரு இல்லாத கணினி, அடியில் இருக்கும் ஆங்கில விசைக் குறிகளை அப்படியே காட்டும். ஒருங்குறியில் (யூனிகோட்) மறுபடி தட்டச்சு செய்யுங்கள், அல்லது எழுத்துரு மாற்றியைக் கொண்டு மாற்றி ஒருமுறை பிழை பாருங்கள். விண்டோஸில் உள்ள நிர்மலா, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் ஆகியவை தொலைவிலிருந்தும் தெளிவாகத் தெரிபவை. ஒன்றைத் தேர்ந்து அதை மட்டுமே பயன்படுத்துங்கள். தமிழில் மேலே புள்ளியும் கீழே சுழியும் வருவதால் வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடச் சற்று அதிக இடம் விடுங்கள். மிகத் தடித்த எழுத்தில் ண, ன, ஞ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுப்போகும்; ஆகவே அழுத்தம் வேண்டுமென்றால் அளவைக் கூட்டுங்கள்.

எவ்வளவு பெரிதாக என்பதற்கு எண் சொல்வதைவிட ஒரு சோதனை சொல்கிறேன். கூட்ட அரங்கின் திரை 6 அடி அகலம், கடைசி நாற்காலி 30 அடி தொலைவு என்றால், அது திரை அகலத்தைப் போல் ஐந்து மடங்கு. சாதாரண 14 அங்குல மடிக்கணினியின் திரை ஏறத்தாழ ஓரடி அகலம். எனவே மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டு ஐந்தடி தள்ளி நின்று படியுங்கள். படிக்க முடியாத எதுவும் அரங்கின் கடைசி வரிசைக்குத் தெரியாது. முடிந்தால் முன்கூட்டியே சென்று அந்த இரண்டு அளவுகளையும், புரொஜெக்டர் பழைய 4:3 வடிவமா புதிய 16:9 வடிவமா என்பதையும் கேட்டு வாருங்கள்.

மொழி பற்றிய ஐயத்துக்கு என் விடை தெளிவானது: திரையில் தமிழ் மட்டும். ஒரே வரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்துப் போட்டால் எழுத்து இரட்டிப்பாகும், அளவு பாதியாகும். வங்கியில் தமிழ் படிக்காத அலுவலர் ஒருவர் இருக்கலாம் என்பதால், கோரிக்கையையும் கணக்கையும் ஆங்கிலத்தில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பன்னிரண்டு கட்டங்களையும் ஒடிந்த மிதவையையும் பார்க்க அவருக்கு மொழி தேவையில்லை. நீக்கச் சொன்ன அட்டவணை, குழுவின் வரலாறு, பயிற்சிச் சான்றுகள் ஆகியவையும் அந்தத் தாளோடு பின்னிணைப்பாகப் போகட்டும். அவை வீணல்ல, திரைக்கு உரியவை அல்ல, அவ்வளவே.

அசைவுகளில் "தோன்றுதல்" ஒன்று தவிர மற்றவற்றைத் தொடாதீர்கள். எழுத்து சுழன்று வந்து விழுவதைப் பார்க்க யாரும் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை.

சமுதாயக் கூடத்துக்கு வருவோம். அங்கே மிதவையின் படத்தைக் காட்டினால் உறுப்பினர்கள் சிரிப்பார்கள். காலையில் அதை விட்டுத்தான் கரையேறியிருப்பார்கள். அவர்களுக்குக் காட்ட வேண்டியது ஒருவருக்கு ஆகும் தவணை: இப்போது மாதம் எவ்வளவு, ஒப்புதல் கிடைத்தால் ஒன்பது மாதங்களில் எவ்வளவு, வாடைக்கு முன் எவ்வளவு ஒதுக்கி வைத்தால் சமாளிக்கலாம். லட்சக் கணக்கில் இருக்கும் மொத்தத் தொகை வேண்டாம். ஒரு பெண் தன் கையிலிருந்து தரவேண்டிய ரூபாய் மட்டும், ஒரு ஸ்லைடுக்கு ஓர் எண்ணாக, கூடத்தின் கோடியிலிருந்து தெரியும் அளவில் இருக்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் எண்ணைப் படிப்பார்கள். கூடத்தின் சுவர் பச்சையோ நீலமோ பூசியிருந்தால் நிறங்கள் திரிந்து தெரியும். வெள்ளை வேட்டி ஒன்றைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டுவது மேல். வெளிச்சம் அடங்கியபின், மாலையில் வையுங்கள். மின்சாரத்தை நம்ப முடியாது என்றால் பன்னிரண்டு கட்டங்களை ஒரு பெரிய சார்ட் தாளில் வரைந்து சுவரில் ஒட்டிவிடலாம். இந்தக் கூட்டத்துக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். கூட்டம் முடிந்தபின்னும் அது அங்கேயே இருக்கும், வாடைக்கு முந்திய மாதங்களில் வேண்டியவர்கள் வந்து பார்ப்பார்கள்.

இராமநாதபுரத்துக்குச் செல்லும் நாளில் கோப்பைப் பவர்பாயிண்டாகவும் பிடிஎஃப் ஆகவும் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். பவர்பாயிண்டில் சேமிக்கும்போது எழுத்துருவைக் கோப்புக்குள் பொதிக்கும் வசதியைத் தேர்ந்துகொள்ளுங்கள். நீண்ட விளக்கம் சொல்ல நேர்ந்தால் விசைப்பலகையில் B எழுத்தை அழுத்துங்கள். திரை இருளும், அனைவரும் உங்களைப் பார்ப்பார்கள். மறுபடி அழுத்தினால் படம் திரும்பும். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் மட்டும் பேசத் திட்டமிடுங்கள்.

"நன்றி" என்று ரோஜாப்பூவோடு முடியும் கடைசி ஸ்லைடையும் எடுத்துவிடுங்கள். நன்றியை வாயால் சொல்லலாம். கேள்வி நேரம் முழுவதும் திரையில் எது நிற்கிறதோ அதைத்தான் அவர்கள் அதிக நேரம் பார்க்கப் போகிறார்கள். ஆகவே மாற்றியமைத்த தவணைப் படம், "ஆண்டுத் தொகையை ஒன்பது மாதங்களில் செலுத்த அனுமதி வேண்டுகிறோம்" என்ற தலைப்போடு அங்கே நிற்கட்டும். அவர்கள் கேட்கக்கூடிய கணக்குகளுக்கு, அதாவது கடந்த ஆண்டுகளின் திருப்பிச் செலுத்திய விவரம், மிதவை ஒன்றுக்கான செலவு, காப்பீடு உண்டா என்பது போன்றவற்றுக்கு, தனித்தனி ஸ்லைடுகள் தயாரித்து அதற்குப் பின்னால் ஒளித்து வையுங்கள். எந்த எண்ணில் எது இருக்கிறது என்று கைத்தாளில் குறித்துக்கொண்டால், கேள்வி வரும்போது அந்த எண்ணைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால் நேராக அங்கே போய்விடலாம். பதில் முடிந்ததும் தவணைப் படத்தின் எண்ணைத் தட்டித் திரும்பிவிடுங்கள்.